தங்களுக்குச் சரியென்று பட்டால்

விமானம் மலையில் மோதி நாற்பத்தோரு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிந்துஜா முதல்முறையாக ஜெனிட்டாவின் சொந்தக் குரலைக் கேட்டாள். அதுவரை அவள் படித்திருந்தது ஜெனிட்டா பேசியதாக அறிக்கையில் வந்திருந்த வரிகளை மட்டும்தான். ஊரும் அதைத்தான் படித்திருந்தது.

சென்னையிலிருந்து கிளம்பிய அந்த விமானம், மத்திய ஆசியாவில் பனிமலை அடிவாரத்து நகரம் ஒன்றில் காலை ஒன்பது மணிக்கு இறங்கியிருக்க வேண்டும். வானம் முழுக்க மேகம். திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு நிமிடம் தாமதமாகத் திரும்பியதால், விமானிகள் நினைத்ததைவிட மலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். உள்ளே நூற்று நாற்பத்து மூன்று பேர். கேப்டன் எலியாஸ் பெரெய்ரா பிரேசில்காரர், வயது ஐம்பத்தேழு. துணை விமானி ஜெனிட்டா மோத்தா தூத்துக்குடிப் பெண், இருபத்தெட்டு வயது. ஒருவரும் பிழைக்கவில்லை.

மூன்றாவது வாரமே முதல்கட்ட அறிக்கை வந்துவிட்டது. அதில் ஒரு வரி: ‘துணை விமானி தம் ஐயத்தை உறுதியான சொற்களில் தெரிவிக்கவில்லை.’ தொலைக்காட்சிகள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டின. வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்காத பெண் என்றார்கள். இறந்தவர்களின் உறவினர் ஒருவர் கேமரா முன்னால் அழுதுகொண்டே, “அந்தப் பொண்ணு ஒரு சத்தம் போட்டிருந்தா என் தம்பி வீட்டுக்கு வந்திருப்பான்” என்றார்.

அறிக்கை எழுதியவர்களுக்கு அப்போது கருப்புப் பெட்டி கிடைத்திருக்கவில்லை. அது பனிக்குள் புதைந்து கிடந்தது. அவர்களிடம் இருந்தது ‘இடைக்குரல்’ கருவி மொழிபெயர்த்துத் தரைக்கு அனுப்பியிருந்த பதிவு மட்டும்.

வேறு வேறு மொழி பேசும் விமானிகள் சேர்ந்து ஓட்டும் விமானங்களில் இடைக்குரல் இல்லாததே இப்போது கிடையாது. ஆபத்து நேரத்தில் மனிதன் தாய்மொழியில்தான் யோசிக்கிறான், அரைகுறை ஆங்கிலத்தில் தடுமாறிப் பல விமானங்கள் விழுந்திருக்கின்றன என்று சொல்லித்தான் அதைக் கொண்டுவந்தார்கள். விமானி அறையில் அவரவர் மொழியில் பேசலாம். அடுத்தவர் காதில் அது அவருடைய மொழியில் கேட்கும். காதுகளை முழுக்க மூடிக்கொள்ளும் தலையணி. பக்கத்து இருக்கையில் இருப்பவரின் சொந்தக் குரல் உள்ளே நுழையாது, கருவியின் குரல்தான் கேட்கும். அந்தக் கருவியின் தமிழை வளர்த்தவள் சிந்துஜா. தரமணியில் இரண்டு அறை அலுவலகமாக இருந்த காலத்திலிருந்து அந்தக் கம்பெனியில் இருக்கிறாள்.

கருப்புப் பெட்டியில் நான்கு ஒலித்தடங்கள் இருந்தன. கேப்டன் பேசியது, கேப்டன் காதில் விழுந்தது, ஜெனிட்டா பேசியது, ஜெனிட்டா காதில் விழுந்தது. முதல் இரண்டும் போர்ச்சுக்கீசு தெரிந்த ஒருவருக்குப் போயின. தமிழில் இருந்த மற்ற இரண்டையும் கேட்டு எழுதித் தரும்படி விசாரணைக் குழு சிந்துஜாவைக் கேட்டிருந்தது. அவள் தலையணியை மாட்டிக்கொண்டு, ஜெனிட்டா பேசிய தடத்தையும் அவள் காதில் விழுந்த தடத்தையும் சேர்த்து ஓடவிட்டாள்.

கடைசி முக்கால் நிமிடம். முதலில் எச்சரிக்கை ஒலித்தது. ‘நிலம்! நிலம்!’

“சார், நிலம்னு சொல்லுது சார்” என்றாள் ஜெனிட்டா. பதறாத குரல், கொஞ்சம் கரகரப்பு.

கேப்டனின் பதில் கருவியின் தமிழில் வந்தது. “இது அந்தப் பொய் அலாரம்தான். நிறுத்துகிறேன்.”

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த வழியில் இறங்கும்போது வரைபடக் கோளாறால் அலாரம் வீணாக அடிக்கிறது என்று ஒரு மாதத்துக்கு முன்பே விமானிகளுக்குச் சுற்றறிக்கை போயிருந்தது. அவரே இரண்டு முறை அந்த வீண் சத்தத்தைக் கேட்டிருந்தார். பொத்தானை அழுத்தினார். சத்தம் நின்றது. அதற்குப் பிறகு மலைக்கு முப்பத்தொரு நொடி.

“நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றது கேப்டனின் குரல்.

“இல்ல சார், இது பொய் இல்ல. உயரத்தப் பாருங்க, கீழ தரை ஏறிட்டே வருது!”

“எல்லாம் சரியாக இருக்கிறது.”

“என்ன சரியா இருக்கு? மேல போங்க சார்! மேல தூக்குங்க! தூக்குங்கன்னு சொல்லுதேன்ல!”

பிறகு சிந்துஜா கேட்டது ஓர் அலறல்.

“ஏலேய், தூக்குலே! மலை வருதுலே! தூக்கு!”

சிந்துஜா தலையணியைக் கழற்றினாள். அதை மேசையில் வைத்தாள். பக்கத்தில் அச்சடித்த அறிக்கை கிடந்தது. அதே நொடியில் கேப்டனின் காதில் விழுந்தது என்ன என்று அதில் இருந்தது. அவளுக்கு அது மனப்பாடம். இப்போது மறுபடி படித்தாள்.

‘கேப்டன், தங்களுக்குச் சரியென்று பட்டால், உயரத்தைக் கூட்டுவது பற்றி யோசிக்கலாம். முன்னால் மலைப்பகுதி இருக்கக்கூடும்.’

யார் சொல்லி அந்த இயந்திரம் இப்படிப் பேசியது என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த விதியை எழுதியது அவள்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், இடைக்குரல் வந்த புதிதில், அது சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது. அவசரத்தில் ‘விடு, வேணாம்’ என்று துணை விமானியாக இருந்த ஒரு தமிழ்ப் பையன் சொன்னது, கொரியக் கேப்டன் காதில் எடுபிடியை அதட்டுவது மாதிரி விழுந்தது. அவர் ஓடுபாதையிலேயே சண்டைக்குப் போனார். அடுத்த ஆறு மாதத்தில் இப்படி இருநூறு புகார். ஒரு விமானம், விமானிகள் இருவரும் வாக்குவாதத்தில் இருந்ததால், ஓடுபாதையைத் தாண்டிப் புல்லுக்குள் போய் நின்றது. சிந்துஜா உட்கார்ந்து ஒரு விதி எழுதினாள். சிறியவர் பெரியவரிடம் பேசும்போது மரியாதை விகுதி விடுபட்டால், அதை வாய்தவறல் என்று எடுத்துக்கொண்டு சேர்த்துக்கொள். லே, டா, யா, வே எல்லாவற்றையும் எடுத்துவிடு. கட்டளையை யோசனையாக மாற்று. ‘மரியாதை அடுக்கு’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். புகார்கள் அடியோடு நின்றன. மற்ற மொழிக்காரர்களும் தங்கள் தங்கள் வழக்கப்படி அதே மாதிரி எழுதிக்கொண்டார்கள்.

அவள் யோசிக்காமல் எழுதவில்லை. அலாரம் அடிக்கும்போது மரியாதை அடுக்கு தானாக விலகிவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். அலாரத்தை ஒருவர் கையால் நிறுத்தினால்? ஆபத்து தீர்ந்ததால்தான் நிறுத்தியிருப்பார் என்று எடுத்துக்கொண்டாள். அலாரம் நின்றது. மரியாதை திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

*

கம்பெனித் தலைவர் மதிவாணன் அவளோடு கல்லூரியில் படித்தவன். அவன் முழுவதையும் கேட்டான். கேட்டு முடித்து நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

“எழுதிக் குடு சிந்து. மறைக்கச் சொல்லமாட்டேன். ஆனா பின்னிணைப்புல போடு. வட்டார வழக்கு, கருவிக்குச் சரியாப் புரியலன்னு போடு.”

“கருவிக்கு நல்லாப் புரிஞ்சுது மதி. புரிஞ்சுதான் மாத்துச்சு. நான் சொல்லிக் குடுத்தபடி.”

“இதால எத்தன விபத்து நின்னிருக்குன்னு உனக்குத் தெரியும். இப்ப நீ போய் ‘விதிதான் கொன்னுது’ன்னு சொன்னா ஏர்லைன்ஸ்காரன் மொத்தக் கருவியையும் கழட்டி வெச்சிருவான். பழையபடி ஓட்ட இங்கிலீஷ். அதுல சாகப் போறவங்கள யாரு எண்ணுவா?”

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் அந்த அறையிலிருந்து கதவைச் சாத்திவிட்டு வந்திருப்பாள்.

“தூத்துக்குடிக்கு யாராவது போகணும்” என்றான் மதிவாணன். “குரல் ஜெனிட்டாவோடதுதான்னு குடும்பத்துல ஒருத்தர் கையெழுத்துப் போடணும். நீ போறியா? விமானம் கிளம்புனப்ப அந்தப் பொண்ணு பேசினது இருபது நொடி இருக்கு. அத மட்டும் போட்டுக் காட்டு. மத்தது வேண்டாம். பெத்தவங்க தாங்கமாட்டாங்க.”

*

சேவியர் மோத்தாவின் வீடு திரேஸ்புரத்தில் ஒரு மாடிப் போர்ஷன். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஜெனிட்டா ஒரே பிள்ளை. சுவரில் அவள் விமானி உடையில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“வெயில்ல வந்திருக்கிய. கலர் குடிக்கியளா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கீழே கடைக்காரருக்குக் குரல் கொடுத்தார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பாட்டில் வந்தது.

சிந்துஜா தான் கொண்டுவந்த சிறிய ஒலிபெருக்கியை மேசையில் வைத்து, அந்த இருபது நொடியைப் போட்டாள். “கதவெல்லாம் சாத்தியாச்சு சார். காபி இப்பச் சொல்லட்டுமா, மேல போனப்பொறம் சொல்லட்டுமா?”

கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “அவதான். எம் புள்ளதான்.”

தாளில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

“ஏம்மா, அவ கடைசியில பேசினதா பேப்பர்ல போட்டிருந்தாவல்லா... தங்களுக்குச் சரியென்று பட்டால்னு. அதப் படிச்சதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. அவ வாய் ரொம்ப நீளம் பாத்துக்கிடுங்க. பள்ளிக்கூடத்துல சிஸ்டர்மார்ட்டயே எதுத்துப் பேசுவா. வேலைக்குச் சேந்த அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல வெச்சு நாந்தான் சொன்னேன். எட்டி, பெரிய பெரிய ஆளுகளோட வேல பாக்கப் போற, நாக்க அடக்கி மரியாதயாப் பேசுன்னு. கிரேன்ல லோடு தொங்கிட்டு இருக்கும்போது, கீழ ஆளு நிக்கான்னா, கூலிக்காரன்கூட ‘லேய் நிறுத்துலே’ன்னுதான் கத்துவான். சூப்பர்வைசரு நிக்காரேன்னு பாத்துட்டு இருக்கமாட்டான். முப்பத்திரண்டு வருசம் அந்தச் சத்தத்துலதான் ஒருத்தரும் சாகாம வேல பாத்தேன். அத அவளுக்குச் சொல்லிக்குடுக்காம, மரியாதயச் சொல்லிக்குடுத்துட்டேன். நூத்தி நாப்பத்தி மூணு பேரு.”

சிந்துஜாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மதிவாணன் சொன்னதை நினைத்தாள். பெத்தவங்க தாங்கமாட்டாங்க. இவர் தாங்கிக்கொண்டிருப்பது எதை என்று அவனுக்குத் தெரியாது.

“ஐயா, இன்னும் முப்பத்தொரு நொடி இருக்கு. அத உங்களுக்குப் போட்டுக் காட்டக் கூடாதுன்னு எனக்குச் சொல்லியிருக்காங்க. கேக்கிறீங்களா?”

அவர் தலையசைத்தார்.

அவள் போட்டாள். ஜெனிட்டா பேசியதை மட்டும். அந்தச் சின்ன அறையில் அந்தப் பெண்ணின் குரல் ஏறிக்கொண்டே போனது. ‘ஏலேய், தூக்குலே!’ என்று வந்தபோது சேவியர் மோத்தா எழுந்து நின்றுவிட்டார். ஒலி முடிந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார். பிறகு, சிந்துஜா கொஞ்சமும் எதிர்பாராதபடி, அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அழுகையாக மாறியது.

“கேப்டன லேன்னு சொல்லிட்டாளா? கத்திருக்கா பாத்தியளா... எம் புள்ள கத்திருக்கா.”

வெகுநேரம் அழுதார். அழுது முடித்து முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது வேறு ஆளாக இருந்தார்.

“அப்ப அந்தாளு ஏன் கேக்கல? செவிடா? பக்கத்துல ஒருத்தி இந்தக் கத்து கத்துதா, அந்தாளு கல்லு மாதிரி இருந்திருக்கான்?”

“அவர் காதுல இது விழவே இல்ல ஐயா. பேப்பர்ல வந்ததுதான் விழுந்துது. நடுவுல ஒரு கருவி இருக்கு. அது மாத்திச் சொல்லிருச்சு.”

“கையப் பிடிச்சு இழுத்திருக்கலாமே?”

“செஞ்சிருக்காங்கன்னு கருப்புப் பெட்டியில இருக்கு. கடைசி நாலு நொடி விமானத்த ஓட்டினது ஜெனிட்டாதான். மூக்கு மேல ஏறிடுச்சு. வால் பக்கம் முகட்டுல தட்டிடுச்சு. இன்னும் அறுபது அடி ஏறியிருந்தா தாண்டியிருக்கும்.”

சேவியர் மோத்தா அந்த அறுபது அடியை மனதில் அளந்து பார்ப்பது தெரிந்தது. உயரம் அளந்தே பிழைத்த மனிதர்.

“கத்துனத மாத்திச் சொல்லணும்னு அந்தக் கருவிக்கு எவன் சொல்லிக்குடுத்தான்?”

“நான்” என்றாள் சிந்துஜா.

கீழே தெருவில் ஐஸ் லாரி ஒன்றைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. அவர் அவளை உற்றுப் பார்த்தார். கோபமாகத் திட்டுவார், வெளியே போகச் சொல்லுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது.

“அது இப்பவும் ஓடுதா?” என்று கேட்டார்.

“ஓடுது. நாலாயிரம் விமானத்துல.”

“இப்ப, நாம பேசிட்டு இருக்கும்போதும்?”

“ஆமா.”

“அப்ப நீ இங்க உக்காந்து என்ன செய்யுத?” என்றார். அதுவரை போட்ட மரியாதை போய்விட்டிருந்தது. “எந்திரி. போ. போயி நிறுத்து.”

அவள் அந்தக் கலரைத் தொடவே இல்லை. படியிறங்கும்போதே அலைபேசியை எடுத்து மதிவாணனுக்குச் சொன்னாள். “பின்னிணைப்புல போடமாட்டேன் மதி. விசாரணைக் குழுகிட்ட நேர்ல போய்ச் சொல்லப்போறேன்.” “சரி. நீ திரும்பி ஆபீசுக்கு வர வேண்டாம்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான் என்று அவளுக்குப் பட்டது.

*

இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பதால், விசாரணைக் குழு கிண்டியில் ஒரு ஹோட்டல் அரங்கில் கூடியது. குல்நாரா என்ற வெளிநாட்டு அம்மாள் தலைவர். பேசுகிறவர், கேட்கிறவர் எல்லோருக்கும் இடைக்குரல் தலையணி கொடுத்திருந்தார்கள். பின்வரிசையில் குடும்பங்கள். ஓரத்தில் வெள்ளை வேட்டியில் சேவியர் மோத்தா உட்கார்ந்திருந்தார்.

சிந்துஜா தமிழில் ஆரம்பித்தாள். “நான் எழுதின விதி நூத்தி நாப்பத்தி மூணு பேரைக் கொன்னுடுச்சு. அந்தப் பொண்ணு ஆறு தடவ கத்தியிருக்கா. அவ குரல நான் அமுக்கிட்டேன். இத இன்னைக்கே நிறுத்துங்க.”

தலைவரின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கனிவாகத் தலையசைத்துக் குறிப்பு எழுதினார். சிந்துஜா அவருக்குப் பின்னால் இருந்த திரையைப் பார்த்தாள். அவர் காதில் விழுந்தது அங்கே ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ‘நான் வகுத்த வழிகாட்டுதல் ஒருவேளை ஒரு துணைக் காரணமாக இருந்திருக்கலாம் என்று வருந்துகிறேன். வசதிப்படும்போது குழு இதை மறுபரிசீலனை செய்யலாம் என்று கருதுகிறேன்.’

அவள் தலையணியைக் கழற்றி மேசையில் வைத்தாள். தலைவரிடம் போய், அவர் காதைக் காட்டி, கழற்றுங்கள் என்று சைகை செய்தாள். அவர் திகைத்து, கழற்றினார். சிந்துஜா தன் சாதாரண ஆங்கிலத்தில், இலக்கணம் தடுமாற, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். பிறகு ஒலிபெருக்கியில் ஜெனிட்டாவைப் போட்டாள். தலைவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த அலறலைப் புரிந்துகொள்ள மொழி வேண்டியிருக்கவில்லை. அரங்கில் யாரோ ‘ஐயோ’ என்றார்கள். தம்பியை இழந்த அந்த மனிதர் எழுந்து வெளியே போய்விட்டார்.

தமிழுக்கான மரியாதை அடுக்கை நிறுத்தும்படி அன்று மாலையே உத்தரவு போனது. மற்ற மொழிகளைப் பற்றிப் பிறகு முடிவெடுப்பதாகச் சொன்னார்கள்.

அரங்கத்துக்கு வெளியே நடைபாதையில் ஒரு வெள்ளைத்தாடிக்காரர் அவளுக்காகக் காத்திருந்தார். அவரும் ஆங்கிலத்தில்தான் பேசினார். பெயர் பாவுலோ அல்மெய்தா. போர்ச்சுக்கீசுத் தடங்களைக் கேட்டு எழுதியவர். கருவியின் போர்ச்சுக்கீசு அவர் வளர்த்தது.

“நீங்கள் சிறியவர்களுக்கு ஒரு விதி எழுதினீர்கள். நான் பெரியவர்களுக்கு ஒன்று எழுதினேன்” என்றார். “தலைவன் தயங்கினால் கீழே இருப்பவர்கள் பயந்துவிடுவார்கள், அதனால் கேப்டனின் தயக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்று. நாளைக்குக் குழுவில் சொல்வதாக இருந்தேன். சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. உங்களைப் பார்த்த பிறகு, சொல்வேன்.”

கேப்டன் உண்மையில் பேசியதை ஆங்கிலத்தில் எழுதிய தாளை நீட்டினார். சிந்துஜா தன் தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். இருவரும் ஜன்னல் விளிம்பில் குனிந்து நின்று படித்தார்கள்.

‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஜெனிட்டா கேட்ட இடத்தில் கேப்டன் சொன்னது: “நிறுத்திவிட்டேன், ஆனால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நாம் எங்கே இருக்கிறோம்? உனக்கு என்ன தெரிகிறது மகளே, சொல்லு.”

ஜெனிட்டா கத்தினாள். அது அவர் காதில் பணிவாக விழுந்தது.

‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று அவள் கேட்ட இடத்தில் அவர் சொன்னது: “நீ இவ்வளவு நிதானமாகப் பேசுகிறாய் என்றால் சரியாகத்தான் இருக்கும். நான்தான் பயந்துவிட்டேன் போல.”

*

மறுநாள் பாவுலோ குழுவின் முன் பேசினார். அடுத்த வாரத்துக்குள் முப்பத்தேழு மொழிகளிலும் அந்த அடுக்கை எடுத்துவிட்டார்கள். சில ஏர்லைன்ஸ்கள் கருவியையே கழற்றிவிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்பின. அது நல்லதா கெட்டதா என்று தெரியச் சில வருடங்கள் ஆகும். சிந்துஜா வேலையில்லாமல் வீட்டில் இருந்தாள். திருத்திய அறிக்கையில், துணை விமானி ஆறு முறை தெளிவாக எச்சரித்தார் என்று இருந்தது. அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு அவள் மறுபடி தூத்துக்குடிக்குப் போனாள்.

சேவியர் மோத்தா மகளைப் பற்றிய வரியை விரலை வைத்து இரண்டு முறை படித்தார். பிறகு கேப்டன் பேசியதை அவள் தமிழில் வாசித்துக் காட்டினாள். ‘மகளே, சொல்லு’ என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“அவன... அவர, நான் இத்தன நாளா ஏசிட்டுக் கெடந்தேன். கோயில்ல முழங்கால் போட்டுட்டுகூட ஏசினேன்.” கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். “அந்தாளுக்குப் புள்ளைக உண்டா?”

“ஒரே பொண்ணு. லூயிசான்னு பேரு. பத்தொம்பது வயசு.”

“அவளயும் ஊருல பேசியிருப்பானுக. ஒங்கப்பன் ஒரு பொம்பளப்புள்ள சொன்னதக் கேக்காமக் கொன்னுட்டான்னு.”

“பேசியிருக்காங்க. பாவுலோ சொன்னார்.”

அவர் உள்ளே போய், கோடு போட்ட தாள் ஒன்றும் பேனாவும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

“நீ எழுது. நான் சொல்லுதேன். அந்தப் பாவுலோ அவரு பாஷையில கையால மாத்திக் குடுக்கட்டும். மிசினு வேண்டாம். நான் சொல்லுதத அப்படியே எழுது, ஒண்ணும் சேக்காத.”

“சரிங்கய்யா.”

“லூயிசாவுக்கு. நான் ஜெனிட்டாவோட அப்பா. ஒங்கப்பன் எம் புள்ளைய ஒதுக்கல. அவருக்குப் பயமாத்தான் இருந்திருக்கு, அவகிட்டத்தான் கேட்டிருக்காரு. மகளேன்னு கூப்பிட்டிருக்காரு. அவ காதுல அது விழல. விழுந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பா.”

சிந்துஜா எழுதிக்கொண்டே வந்தாள். ‘ஒங்கப்பன்’ என்ற இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. அப்படியே எழுதினாள்.

சேவியர் மோத்தா சுவரில் இருந்த மகளின் படத்தின் பக்கம் திரும்பினார். முடிந்துவிட்டது என்று நினைத்து அவள் பேனாவை மூடப் போனாள்.

“இன்னும் ஒண்ணு. எம் மக கடைசியில ஒங்கப்பன லேன்னு சொல்லிட்டா. உயிர் போற பயத்துல சொன்னது. மனசுல வெச்சுக்கிடாதம்மா.” தாளைக் கையால் காட்டினார். “அதயும் எழுது.”

அவள் எழுதினாள். ‘லே’ என்ற எழுத்துக்குப் போர்ச்சுக்கீசில் பாவுலோவிடம் ஒரு சொல்லும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அதை மாற்ற வேண்டாம், ஒலியை அப்படியே எழுதிவிடுங்கள் என்று அவருக்குத் தாளின் ஓரத்தில் சின்னதாக ஒரு குறிப்பு வைத்துவிட்டு, கையெழுத்துக்காகக் கடிதத்தைச் சேவியர் மோத்தாவின் பக்கம் திருப்பினாள்.